13700கேக்கு வோட்டர் புளொக்: 1200 பிராக்கெட்டோட வாறத வாங்கலாமா?

கல்லடி எடிட்டர்:
வணக்கம் அண்ணன்மார். கல்லடியில வீட்டு முன்னறையில கலியாண வீடியோ எடிட்டிங் செய்றன். மெஷின்ல ப்ரொசெசர் ஐ7 13700கே, சொக்கெட் 1700. மேல ஒத்தை ஃபேன் வச்ச சின்னக் கூலர். எக்ஸ்போர்ட் போட்டா ரெண்டு நிமிசத்துக்குள்ள 100 பாகைக்குப் போய் நிக்குது, புறகு வேகம் விழுது. பகல்ல அறைக்குள்ள 31, 32 பாகை. ஏசி இல்ல. ஆவணி வரக்குள்ள கையில நாலு கலியாணம் இருக்கு, அதுக்கு முன்னம் இத முடிக்கணும்.

தண்ணியால குளிராக்கலாம் எண்டு நினைக்கிறன். கூட்டாளி ஒருத்தர் தன்ட பழைய செட்டில இருந்து 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் பம்பும் தந்திருக்கார். ப்ரொசெசருக்கு மேல பூட்டி, உள்ளால தண்ணி ஓடிச் சூட்ட எடுக்கிற வோட்டர் புளொக் மட்டும்தான் இல்ல. ரெண்டு பாத்து வச்சிருக்கன். ஒண்டு பாவிச்சது: நிக்கல் பூசின செம்பு, மேல கண்ணாடி மாதிரி அக்ரிலிக், ஆனா பழைய 1200 சொக்கெட்டுக்குப் பூட்டுற பிராக்கெட்தான் கூட வருது. மற்றது புதுசு, 1700க்குப் பொருந்தும், விலை பாதி. அடித்தட்டு அலுமினியம் எண்டு போட்டிருக்கு. எத எடுக்க?

காத்தான்குடி நானா:
தம்பி, 1200 பிராக்கெட்டோட மட்டும் பூட்டிராதீங்க. 1200, 1151 எல்லாத்திலயும் ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர். 1700இல 78. அரத்தால ராவிப் போட்டா உள்ள போகும், அது வேற கதை. உயரத்திலதான் பிழைக்கும். 1700இல ப்ரொசெசர் முன்னையதவிட ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டப் பதிவா இருக்கு. பழைய ஸ்க்ரூ அடிவரைக்கும் முறுகி நிண்டுரும், புளொக் அழுத்தாது.

நான் இதச் செஞ்சு பாத்தவன். பூட்டி ஒரு மணித்தியாலத்தில 100 பாகை. கழட்டிப் பாத்தா, சூடு கடத்தப் பூசுற பேஸ்ட்ட கார்ட்டால இழுத்த கோடு நடுவுல அப்படியே இருந்திச்சு, அழியவே இல்ல. சரியா அழுத்தியிருந்தா நடுவுல பேஸ்ட் மெல்லிசாகி உலோகம் மங்கலாத் தெரியணும். செம்பு புளொக்க எடுங்க, ஆனா 1700 பிராக்கெட் தனியா கிடைக்குமா எண்டு விக்கிறவர்ட்ட முதல்ல கேளுங்க. கிடைக்காட்டி அத விட்டுருங்க.

அக்கரைப்பற்று வயரிங்:
நானா சொன்னது சரி. நான் அதுக்கும் முன்னம் ஒண்டு கேக்கிறன்: கூட்டாளி தந்த ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா? குழாய் பூட்டுற ஃபிட்டிங்கக் கழட்டி மரைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்க. மஞ்சளா இருந்தா பித்தளை, வெள்ளையா இருந்தா பெரும்பாலும் அலுமினியம்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணிக்குள்ள கிடந்தா அலுமினியம் கரையத் தொடங்கும், பற்றரிக்குள்ள நடக்கிற மாதிரித்தான். என்ட மச்சான்ட செட்ட ஏழாம் மாசம் திறந்தம். புளொக்குக்குள்ள மெல்லிய தகடு வரிசை இருக்குமே, அதுக்குள்ள சுண்ணாம்பு குழைச்ச மாதிரி வெள்ளைக் களி இறுகிப் போயிருந்திச்சு. பல்லுத் தூரிகை போட்டும் வரல்ல. அவர் ஊத்தினது கிணத்துத் தண்ணி. உங்கட பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவுல, உப்புத் தண்ணி கலந்தா இன்னும் கெதியா அரிக்கும்.

கல்லடி எடிட்டர்:
பாத்தன் அண்ணன், மஞ்சள். தூக்கவும் நல்ல பாரம். ஆனா ஒரு சந்தேகம்: கடையில பூட்டி விக்கிற கூலர்ல செம்பு புளொக்கும் அலுமினிய ரேடியேட்டரும் சேந்துதானே வருது?

அக்கரைப்பற்று வயரிங்:
ஓம், வருது. அது மூடிக் கட்டின சாமான், உள்ளுக்குள்ள அரிப்பத் தடுக்கிற மருந்து கலந்த திரவம், யாரும் திறந்து ஊத்துறதில்ல. நாங்க கையால நிரப்புற செட்டில அந்த நம்பிக்கை வைக்க ஏலாது. உங்கட ரேடியேட்டர் பித்தளை எண்டா அலுமினிய புளொக்க இப்பவே மறந்துருங்க, பாதி விலைய மிச்சம் பிடிக்கப் போய் முழுச் செட்டும் பழுதாப் போகும்.

தண்ணிக்கு ரெடியாக் கலந்து விக்கிற கூலன்ட்தான் நல்லம். கிடைக்காட்டி காச்சி வடிச்ச தண்ணியும், பாசி பிடிக்காம இருக்கிற மருந்தும். பெற்றோல் செட்டில பற்றரித் தண்ணி எண்டு கேட்டா சில இடத்தில அசிட்டத் தூக்கித் தருவாங்க, லேபல வடிவாப் பாத்து வாங்குங்க.

கல்முனை பிசி:
புளொக் மாத்தினா எல்லாம் சரியாகும் எண்டு நினைச்சுராதீங்க தம்பி. நல்ல புளொக்குக்கும் நடுத்தர புளொக்குக்கும் வித்தியாசம் சில பாகைதான். தண்ணி அறை வெக்கைக்குக் கீழ போகாது, உங்கட அறையே 32. 13700கே முழு வேகத்தில 253 வொட் வரைக்கும் இழுக்கும், சில போர்ட்ல அந்த எல்லையையே திறந்து விட்டிருப்பாங்க. மெஷின் தொடங்கக்குள்ள போற பயோஸ் செட்டிங்ல 200 வொட்டுக்குக் கட்டுங்க. எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம்தான் கூடும், சூடு நல்லாவே இறங்கும். இத இண்டைக்கே செய்யலாம், காசும் இல்ல.

அக்ரிலிக் மேல்தட்ட ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, மயிரிழை வெடிப்பு வரும். ஃபிட்டிங்ல ரப்பர் வளையம் இருக்கு, கையால இறுக்கினாப் போதும்.

கல்லடி எடிட்டர்:
எல்லாருக்கும் நன்றி. விக்கிறவர்ட்ட 1700 பிராக்கெட் தனியா இருந்திச்சு, செம்பு புளொக்தான் எடுத்தன். பூட்ட முன்னம் திறந்து பாத்தது நல்லதாப் போச்சு. முன்னம் பாவிச்சவர் மரையில குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப் சுத்தியிருக்கார், அது பிஞ்சு நூல் நூலா தகட்டுக்குள்ள சிக்கியிருந்திச்சு. தையல் ஊசியால ஒவ்வொண்டா எடுத்தன், ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு. ரேடியேட்டரையும் நாலு தரம் கழுவினன். கடைசித் தரமும் கறுப்பா ஏதோ துணிக்கை வந்திச்சு, ஐந்தாம் தரம்தான் தெளிஞ்சது. புறகு பம்ப மட்டும் ஓட விட்டு, சந்துக்குச் சந்து டிஷூ சுத்தி ஒரு நாள் வச்சன். நனையல்ல.

முதல் ஓட்டத்தில 200 வொட்டுக்கு 84. புறகுதான் கண்டன், தண்ணி உள்ள போற வாயும் வெளிய வாற வாயும் மாறிக் கிடந்திருக்கு. இந்த புளொக்ல நடு வாயால போனாத்தான் தண்ணி தகட்டு நடுவுல நேரா அடிக்கும். மாத்திப் பூட்டினன், இப்ப 79. நேத்து ரெண்டு மணித்தியாலக் கலியாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டன், வேகம் விழவே இல்ல.

காத்தான்குடி நானா:
நல்லம் தம்பி. ரெண்டு மூணு நாளைக்குத் தொட்டியப் பாத்துக்கொள்ளுங்க, உள்ள இருக்கிற காத்து வெளிய வர வரத் தண்ணி மட்டம் இறங்கும். பம்ப் வாய் காத்து இழுக்க விடாம நிரப்பி வைங்க.