கணக்கு சார் எம்.எல்.ஏ.வாக இருந்த இரண்டு வருஷம்

எனக்கு ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கணக்கு எடுத்தவர்தான் எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனார். 1989 ஜனவரித் தேர்தல். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பெயரை எழுதாமல் விடுகிறேன், அவருக்கு அது பிடிக்காது.

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியாது. வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் வேட்புமனு போட வேண்டும். தோற்றால் பழைய நாற்காலி காத்திருக்காது. அவர் ராஜினாமா கொடுத்த அன்று அவருடைய அம்மா எங்கள் தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுததை நான் பார்த்தேன். சார் அதற்கு முன்பே கல்குவாரிப் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பள்ளி நடத்தியவர். கூலி பாக்கிக்காக அந்தக் குடும்பங்களோடு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர். அந்தப் பழக்கத்தில்தான் அவரை நிற்கச் சொன்னார்கள், அவரும் நின்றார், ஜெயித்தார்.

நான் சொல்ல வந்தது அவர் எம்.எல்.ஏ. ஆன பிறகு நடந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மா விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்து, பதிலே வரவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரிடம் காசு கொடுத்துப் புதிதாக ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். திண்ணையில் நாற்பது பேராவது இருப்பார்கள். எங்கள் முறை வந்ததும் சார் மனுவை வாங்கிப் படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?"

அம்மாவுக்குக் கைநாட்டுதான். தலையை ஆட்டினார். சார் அந்தத் தாளை மடித்து அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "உட்காரு, நீ எழுது" என்றார். பரீட்சை அட்டை ஒன்று, வெள்ளைத்தாள் இரண்டு, நடுவில் நீல நிறக் கார்பன் தாள். அந்தக் கார்பன் தாள் கட்டு எப்போதும் திண்ணை ஓரத்தில் கல் வைத்து அழுத்தி இருக்கும்.

அவர் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. கேள்விதான் கேட்டார். யாருக்கு எழுதுகிறோம்? அம்மாவுக்கு என்ன வேண்டும்? முதல் மனு எந்தத் தேதியில் கொடுத்தது? அப்பா இறந்த சான்றிதழ் வைத்திருக்கிறோமா? அம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல, நான் எழுதினேன். 'வட்டாச்சியர்' என்று எழுதியிருந்தேன். பென்சிலால் அதைச் சுழித்து, மேலே 'வட்டாட்சியர்' என்று எழுதினார், வகுப்பில் செய்வதைப் போலவே. கடைசியில் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு தாளில் இருப்பதை அம்மா முதன்முதலில் முழுதாகக் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

"நகல் உங்ககிட்ட இருக்கட்டும். கொடுக்குற இடத்துல தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பதினஞ்சு நாள்ல பதில் வரலன்னா இந்தத் தேதியைக் குறிச்சு இன்னொண்ணு எழுதுங்க."

தனியாக ஒரு பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவுக்குக் கோபம். "அந்த லெட்டரை மட்டும் குடுத்தா ஆகாதா? பிள்ளையை உட்கார வச்சுப் பாடம் நடத்துறாரு." மூன்றாவது மனுவுக்குப் பிறகு பணம் வந்தது. அப்புறம் அம்மா வேறு வீடுகளுக்கு என்னை மனு எழுத அனுப்ப ஆரம்பித்தார்.

சட்டமன்றம் நடக்கும் நாட்களில் அவர் மெட்ராஸில் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் இருப்பார். சனி, ஞாயிறு பஸ்ஸில் வந்துவிடுவார். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான். அதை உயர்நிலைப் பள்ளி ஆக்க வேண்டும் என்று கேள்வி நேரத்தில் கேட்டார். நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதை ஊரில் வந்து அப்படியே சொன்னார். "கிடைச்சிடும்"னு சொல்லியிருந்தால் அன்றைக்கு மாலை போட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பள்ளி பல வருஷம் கழித்து, வேறு கட்சி எம்.எல்.ஏ. காலத்தில் வந்தது. திறப்பு விழாவில் சார் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்புப் படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். ஏழாவதோடு நிறுத்தப் பார்த்த வீடுகளுக்கெல்லாம் சார் நேரில் போனார். என் வகுப்பில் மூன்று பேர் அப்படித்தான் திரும்பி வந்தார்கள்.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தமும் அந்த அவையில் வந்ததுதான். 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று வந்தது. அதை விளக்க அரச மரத்தடியில் கூட்டம் போட்டார். என் அத்தை எழுந்து, "எனக்கும் உண்டா சார்?" என்று கேட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆனது அந்த வருஷம் தை கடைசியில். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. ஆறு வாரத்தில் போய்விட்டது. தான் கை தூக்கிய சட்டம், அதைக் கொண்டாடப் போட்ட கூட்டம். அதில் நின்றுகொண்டு, "உங்களுக்கு இல்லம்மா" என்று சொன்னார். "இந்தக் குறை இருக்கு. கேட்டுக்கிட்டே இருக்கணும்." அத்தை புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சார் அதற்குப் பிறகு சரியாகப் பேசவே இல்லை, கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

1991 ஜனவரி 30ஆம் தேதி ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த பிறகும் அரசியலமைப்பின் 356ஆவது பிரிவில் மத்திய அரசு கலைத்தது. அந்த அமைச்சரவை பதவியேற்றது 1989 ஜனவரி 27. எண்ணிப் பார்த்தால் இரண்டு வருஷமும் மூன்று நாளும். ஐந்து வருஷத்தை நம்பி வேலையை விட்டவர் அவர். மறுநாள் காலையும் திண்ணையில் ஆட்கள் வந்திருந்தார்கள், பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. சார் வெளியே வந்து, "என் லெட்டர் பேடு இனிமே செல்லாது. மனு செல்லும். உட்காருங்க, எழுதலாம்" என்றார்.

அந்த வருஷம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தோற்றுப்போனார். பிறகு டியூஷன் எடுத்துத்தான் குடும்பம் நடத்தினார்.

* * *

மேலே எழுதியவர் சொல்லும் அந்தத் தாலுகா அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தது 1992இல். சார் பதவியில் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஊர் மனு என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும். தேதி இருக்கும், 'பொருள்' இருக்கும், 'பார்வை' என்று போட்டு முந்தைய மனுவின் நாள் இருக்கும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள், நகலை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எங்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தாளைக் கட்டுக்கு அடியில் தள்ள முடியாதே. ஒரு மூத்த உதவியாளர், "யாருய்யா இவங்களுக்கெல்லாம் இதைக் கத்துக்கொடுத்தது?" என்று கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "எங்க வாத்தியாரு" என்றார். அந்த மூத்தவர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏன் எழுந்தார் என்று நான் கேட்கவில்லை.

* * *

நான் இங்கே எழுதும் மூன்றாவது ஆள். பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கும் அறிவொளி வந்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் முன்னாள் எம்.எல்.ஏ. என்று எனக்குத் தெரியாது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேன்டில் கட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டேன், அவர்தான் வந்து கட்டினார். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களிடம் முதலில் அவரவர் ஊரின் பெயரையும் தாலுகாவின் பெயரையும் எழுதச் சொல்வார். ஏன் சார், தங்கள் பெயரைத்தானே முதலில் எழுத ஆசைப்படுவார்கள் என்றேன். "அதை அவங்களே எப்படியாவது கத்துக்குவாங்க தங்கச்சி. மனுவுல விலாசம்தான் தப்பாப் போகுது" என்றார். முதலில் எழுதியவரின் அம்மாவும் இப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

* * *

முதலில் எழுதியது நான்தான். அம்மா அப்படி உட்கார்ந்தார். எங்கள் தெரு வகுப்பில்தான். 'அனுப்புநர்' என்று எழுத மூன்று வாரம் ஆனது அவருக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகளுக்கும் பங்கு உண்டு என்றானது. தாத்தா அப்போது உயிரோடு இருந்தார், நிலம் பிரிக்கப்படவில்லை. பேப்பரில் செய்தி வந்த அன்று மத்தியானம் சார் சைக்கிளை மிதித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். தலை நரைத்துவிட்டது, முட்டியில் வலி வேறு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அரச மரத்தடியில் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அத்தை எனக்குப் போன் போட்டார், நானும் போனேன். முதலில் பெரியப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம், சண்டை வேண்டாம் என்று முடிவானது. அத்தையே எழுதினார். எழுதுவதற்கு முன்னால் சார் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கார்பன் தாளை எடுத்து நீட்டினார்.

"அண்ணனுக்கு எழுதுற கடுதாசிதானே சார், இதுக்கு எதுக்கு நகல்?"

"இருக்கட்டும்மா. தேதியைப் போடுங்க முதல்ல."