பழைய சோல் இசைத்தட்டு: அசலா, போலியா?

1960களில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களின் சிறு நிறுவனங்கள் வெளியிட்டு, அன்று விற்காமல் போன சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே தோன்றிய இசைவகை) இசைத்தட்டுகளைப் பின்னாளில் வட இங்கிலாந்தின் நடன அரங்குகள், குறிப்பாக 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ, மீட்டெடுத்ததை உறுப்பினர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அது எந்தத் தட்டு என்று போட்டியாளர்கள் கண்டுபிடிக்காதிருக்க அதன் நடுவிலுள்ள லேபிளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கவிட்ட டிஜேக்களும் உண்டு (அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்). தேவை பெருகியதால் 1970களிலேயே திருட்டுப் பதிப்புகளும் புழங்கின.

அத்தகைய 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 முறை சுழலும்) தட்டு ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன்; விற்பவர் அசல் என்கிறார். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் எண்கள் கையால் கீறப்பட்டிருக்கின்றன. ஆனால் அச்சிட்ட ஆலையின் முத்திரை எதுவும் தென்படவில்லை. இதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு செய்யலாமா, வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளோர் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.