கோத்தகிரி பட்டறைக்கு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) மில்: ரவுட்டர் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) வெட்டுமா?

கட்டபெட்டு பட்டறை:
டீ ஃபேக்டரி உதிரி பாகங்கள் செய்கிறோம். லேத், டிரில்லிங் மெஷின் இருக்கு. அடுத்து மில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) வேணும். பாதி அலுமினிய பிராக்கெட், பாதி 12 மி.மீ. எம்எஸ் பிளேட்டில் ஸ்லாட். ஜாப் 200 மி.மீ. தாண்டாது. சிங்கிள் ஃபேஸ், பட்ஜெட் மூணு லட்சம். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) வெச்ச 6040 ரவுட்டரே (600 x 400 மி.மீ. அளவு மெஷின்) ஸ்டீல் வெட்டும்னு விற்கிறவர் சொல்றார். நம்பலாமா?

குன்னூர் லேத்:
நம்பாதீங்க சார். அந்த 2.2 கிலோவாட் நிமிஷத்துக்கு 24,000 சுற்றில் கிடைக்கிறது. எம்எஸ்ஸில் 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில் கட்டருக்கு, நிமிஷத்துக்கு 70 மீட்டர் வெட்டுவேகம்னா, சுமார் 3,700 சுற்றுதான் வேணும். அங்கே பவர் 340 வாட்டுக்கு இறங்கிடும். ஷாஃப்ட்டிலேயே ஃபேன் உள்ள ஸ்பிண்டில்னா காத்தும் வராம சூடேறும்.

அதைவிடத் தொல்லை, கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நெளியறது. அலுமினியத்தில் அரை மி.மீ. ஆழம் ஒழுங்கா போகும். ஸ்டீலில் கட்டர் வெட்டாம உரசும், சுவரில் அலை அலையா வரி விழும், அப்புறம் பல் உடையும்.

150 கிலோவுக்குக் குறையாத வார்ப்பிரும்பு பெஞ்ச் மில், பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் ஓடும் திருகு) போட்டு சிஎன்சி ஆக்கினதா பாருங்க. 2,000 சுற்றே போதும்: 10 மி.மீ. நாலு பல் கட்டர், பல்லுக்கு 0.03 மி.மீ., ஃபீட் நிமிஷத்துக்கு 240 மி.மீ., ஆழம் 1 மி.மீ. அலுமினியம் மெதுவாத்தான் போகும், அதைப் பொறுத்துக்கணும்.

கட்டபெட்டு பட்டறை:
கோயம்புத்தூரில் பழைய விஎம்சி (பெரிய தொழிற்சாலை சிஎன்சி மில்) எடுத்தா?

குன்னூர் லேத்:
டன் கணக்கில் எடை, த்ரீ ஃபேஸ் வேணும். பழைய கன்ட்ரோலில் பேட்டரி செத்திருந்தா பாராமீட்டரும் (மெஷினின் செட்டிங்) போயிருக்கும். வேண்டாம்.

அரவேணு மில்:
பணம் கொடுக்கும் முன்னாடி பேக்லாஷ் (திசை மாறும்போது திருகில் வரும் வெற்றாட்டம்) பாருங்க. டேபிளில் டயல் கேஜை (நகர்வை முள்ளால் காட்டும் கருவி) முட்ட வெச்சு ஒரு பக்கம் 0.10 மி.மீ. நகர்த்தி, முள்ளை ஜீரோ பண்ணி, எதிர்ப்பக்கம் 0.01 மி.மீ. ஆகத் தட்டுங்க. அஞ்சு தட்டுக்குப் பிறகும் முள் அசையலன்னா விட்டுடுங்க. வட்டப் பாக்கெட்டில் நாலு திசையிலும் மேடு விழும்.

மெஷினின் காலத்தை (ஸ்பிண்டிலைத் தாங்கும் தூண்) கழட்டி வண்டியில் ஏத்தினா, இங்கே பூட்டினதும் ஸ்பிண்டிலில் டயல் கட்டி டேபிள் மேல் சுத்திப் பாருங்க, 200 மி.மீ. வட்டத்துக்கு 0.02 மி.மீ. வரை பரவாயில்லை. அதிகமானா காலத்துக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைங்க.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) ட்ரிப் ஆகி ஸ்பிண்டில் நிக்கும், டேபிள் மட்டும் ஓடும், கட்டர் ஒடியும். விஎஃப்டியின் ஃபால்ட் ரிலேயை கன்ட்ரோலரின் எமர்ஜென்சி ஸ்டாப்போடு கண்டிப்பா இணைச்சிடுங்க.

நம்ம ஊர் மஞ்சில் துரு தனிக்கதை. தண்ணியில் கலக்கும் கூலன்ட் 8 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவை அடர்த்தி காட்டும் கருவி) பாருங்க, கண் மதிப்பு வேண்டாம். வைஸை (ஜாப்பைப் பிடிக்கும் இடுக்கி) டேபிளிலிருந்து கழட்டாமலே விட்டா அடியில் பழுப்பு வளையம் விழும். வாரம் ஒருமுறை தூக்கித் துடைச்சு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் பூசுங்க. ராத்திரி மூடினா உறைக்குள்ளே ஒரு சின்ன குண்டு பல்பு எரியட்டும், விடிகாலை இரும்பில் வேர்வை கட்டாது.

மூணு லட்சத்தையும் மெஷினிலேயே போட்டுடாதீங்க. நல்ல வைஸ், ஈஆர்32 காலெட் (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) செட், கட்டர், டயல் இதுக்கெல்லாம் அம்பதாயிரமாவது தனியா வைங்க.