புதுப்பிப்பு: மகளின் இதயத்தில் கேட்ட சத்தம், எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாயிற்று

6 வார மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் இதயத்தில் கூடுதல் சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள், பிறந்த அன்று கேட்காதது இப்போது எப்படி வந்தது என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று குழந்தைகள் இதய மருத்துவரைப் பார்த்தோம்.

அவர் உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, பாதியில் களைத்துப்போய் விட்டுவிடுகிறாளா, எடை ஏறுகிறதா என்றுதான் கேட்டார். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய உடற்பயிற்சியாம். இதயம் திணறினால் முதலில் அங்கேதான் தெரியுமாம். எடை நன்றாகவே ஏறியிருந்தது.

அப்புறம் எக்கோ. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள தசைச் சுவரில் 2 மி.மீ. ஓட்டை.

என் கேள்விக்கும் பதில் கிடைத்தது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம். அதனால் இருபுற அழுத்தமும் ஏறக்குறைய சமமாக இருந்து, ஓட்டை வழியே ரத்தம் அவ்வளவாகப் பாயாது. சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கியதும் இடமிருந்து வலமாகப் பீய்ச்சும், சத்தம் வரும். சின்ன ஓட்டைக்குத்தான் சத்தம் அதிகம் என்றார். குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அப்படி. (இரவெல்லாம் அறுவை சிகிச்சை பற்றிப் படித்து மண்டையை உடைத்துக்கொண்டது வீண்.)

இந்த வகை பெரும்பாலும் தானாகவே மூடிவிடுமாம். மருந்து எதுவும் இல்லை, 3 மாதம் கழித்து மறுபடி எக்கோ. அழவே விடக்கூடாதா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். தாராளமாக அழட்டுமாம்.