இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டீ.என்.ஏ. அறுந்தால் கலம் ஏன் ஒட்டுவதில்லை?

பம்பலப்பிட்டி_ரீச்சர்:
உயர்தர உயிரியல் வகுப்பில் "இழைமணி டீ.என்.ஏ.க்குத் திருத்தம் கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அப்படியென்றால் 16,569 மூலச் சோடி வளையம் சிதையாமல் இருப்பது எப்படி? இரு இழையும் அறுந்தால் என்ன நடக்கும்? நடுவில் பெரிய துண்டு போயிருப்பதை இரத்தத்தில் கண்டுபிடிக்கலாமா?

மூலச்சோடி:
அந்த வரி பாதிதான் சரி, ரீச்சர். ஒற்றை மூலம் பழுதானால் திருத்தம் உண்டு. ஒட்சியேறிய குவானின் மூலத்தை ஓ.ஜீ.ஜீ.1 நொதியம் வெட்டியெடுக்கும், இழைமணி டீ.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியமான பொலிமரேஸ் காமா இடைவெளியை நிரப்பும், ஒட்டும் நொதியமான லைகேஸ் 3 மூடும். புறவூதாக் கதிரால் ஒட்டிக்கொண்ட பிரிமிடீன் இரட்டைகளை (அடுத்தடுத்த இரு மூலங்கள்)த்தான் நீக்க வழியில்லை. இது 1974 இலேயே தெரிந்த விஷயம்.

இரு இழையும் அறுந்தால் கலம் பெரும்பாலும் ஒட்டிப் பார்ப்பதில்லை, அழித்துவிடுகிறது. பொலிமரேஸ் காமாவின் பிழை வெட்டும் பகுதி, எம்.ஜீ.எம்.ஈ.1, ட்விங்கிள் என்ற நொதியங்கள் மூன்றும் சேர்ந்து அறுந்த துண்டைச் சில மணி நேரத்தில் தின்று முடிக்கும் என்று 2018 இல் காட்டினார்கள். கலத்துக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் இந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகிறது. கலத்தின் கருவில் இரண்டே பிரதி, அங்கே இது நடக்காது.

தின்னும் வேலை பிந்தினாலோ, பிரதி எடுக்கையில் இழை வழுக்கினாலோதான் வில்லங்கம். ஒரே 13 மூல வரிசை இரண்டு இடத்தில் இருக்கிறது. அவை தவறிச் சேர்ந்தால் இடையிலுள்ள 4,977 சோடி காணாமற்போகும்.

ஈரிழை:
டீ.என்.ஏ. கட்டத் தேவையான பொருளையும் கணக்கில் சேருங்கள். பிரிவடையாத கலத்தில் டீ.கே.2, டீ.ஜீ.யூ.ஓ.கே. நொதியங்கள்தான் நியூக்கிளியோசைட்டுகளை (டீ.என்.ஏ.யின் கட்டுமானத் துண்டுகள்) மீட்டெடுத்துக் கொடுக்கின்றன. முதலாவது கெட்டால் முக்கியமாகத் தசை, மற்றது கெட்டால் ஈரல் அடிபடும். வரிசை சரியாக இருந்தும் பிரதி எண்ணிக்கை விழுந்துவிடும்.

ஜெல்தட்டு:
இரத்தத்தை நம்பவேண்டாம். வேகமாகப் பிரியும் கலங்களில் துண்டிழந்த வளையங்கள் காலப்போக்கில் கழிந்துபோகும். வளர்ந்தவரில் இரத்தம் சுத்தமாக வந்தாலும் தசையில் நிறைய இருக்கலாம்.

அளப்பதென்றால் என்.டீ.1, என்.டீ.4 என்ற இழைமணி மரபணுக்கள் இரண்டையும் நிகழ்நேர பீ.சீ.ஆரில் (ஒவ்வொரு சுற்றிலும் டீ.என்.ஏ.யை இரட்டிப்பாக்கி அளக்கும் முறை) ஒப்பிடுங்கள். என்.டீ.4 அந்த 4,977க்குள் இருக்கிறது, என்.டீ.1 வெளியே. பாதி வளையங்கள் இழந்திருந்தால் என்.டீ.4 ஒரு சுற்றுப் பிந்தும். 10% மட்டும் என்றால் வித்தியாசம் 0.15 சுற்றுத்தான், குழாய்க்குக் குழாய் வரும் ஏற்ற இறக்கத்திலேயே மறைந்துவிடும். அதற்கு நீள்துண்டு பீ.சீ.ஆர். வேண்டும்.

இரத்தத்தில் பிரதி எண்ணிக்கை எடுப்பவர்கள் குருதிச் சிறுதட்டுகளை முதலில் விலக்கவேண்டும். அவற்றில் கரு இல்லை, இழைமணி உண்டு. மீந்தால் இழைமணி டீ.என்.ஏ.க்கும் கரு டீ.என்.ஏ.க்கும் உள்ள விகிதம் பொய்யாக ஏறும். கொழும்புக் காலி வீதி நெரிசலில் இரண்டு மணி நேரம் வெக்கையில் வந்த குழாயில் இவற்றைப் பிரிப்பது இன்னும் பாடு.