ஒரே தீக்கோளத்துக்கு மூன்று வெப்பநிலை எப்படி வரும்?

தண்டையார்பேட்டை மாணவி:
எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்காக செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கியில் ஈய அணுக்கருக்களை மோதவிட்ட டேட்டாவை எடுத்து கிராஃப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குறுக்கு உந்தப் பரவல் (கற்றைக்குக் குறுக்கே எந்த உந்தத்தில் எத்தனை துகள் வருகிறது என்ற கிராஃப்) எவ்வளவு சரிவாக இறங்குகிறதோ அதிலிருந்து வெப்பநிலை எடுக்கலாம் என்று கைடு சொன்னார். எடுத்தால் மோதலில் வெளிவரும் துகள்களில் லேசான பையானுக்கு ஒரு எண், அதைவிடக் கனமான கேயானுக்கு அதைவிடப் பெரிய எண், இன்னும் கனமான புரோட்டானுக்கு இன்னும் பெரிசு. எல்லாம் மோதலில் உருவாகிற ஒரே சூடான தீக்கோளத்திலிருந்து வந்தவைதானே, அப்புறம் எப்படி மூன்று வெப்பநிலை? எங்கள் ஏரியாவில் இதை உட்கார்ந்து பேச ஆள் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் அண்ணா:
உன் கிராஃப் சரிதான்மா. அந்த எண் வெறும் வெப்பநிலை இல்லை, தீக்கோளம் வெளியே விரிகிற வேகமும் அதில் கலந்திருக்கிறது. எல்லாத் துகளும் ஒரே ஓட்டத்தில், ஒரே வேகத்தில் தள்ளப்படும்போது கனமான துகளுக்குத்தான் அதிக உந்தம் சேரும். தோராயமாகச் சரிவு எண் = T + ½mv²; T உண்மையான வெப்பநிலை, m துகளின் நிறை, v ஓட்டத்தின் வேகம், எல்லாவற்றையும் MeV என்ற ஆற்றல் அலகில் கணக்கிடுகிறோம். T-க்கு 100 MeV, v-க்கு ஒளி வேகத்தில் 0.6 போட்டுப் பார்: பையானுக்கு 125, கேயானுக்கு 189, புரோட்டானுக்கு 269 வரும். நிறையோடு சேர்ந்து ஏறுகிறது பார், அதுதான் ஓட்டத்தின் அடையாளம். செர்னில் என்.ஏ.44 குழு 1997-லேயே இதைக் காட்டிவிட்டது, புரோட்டான்-புரோட்டான் மோதலில் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே சரிவு, ஈயத்தில்தான் இந்த ஏற்றம்.

தண்டையார்பேட்டை மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, எடுத்தால் இந்தச் சிக்கல் இருக்காதா? அதற்குத்தான் நிறையே இல்லையே.

ராயபுரம் அக்கா:
இருக்கும்மா, வேறு வழியில் வரும். கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும்போது நம்மை நோக்கி வருகிற ரயிலின் ஹாரன் கீச்சென்று கேட்கிறது இல்லையா, அதே டாப்ளர் விளைவுதான், நம்மை நோக்கி விரிகிற பகுதியிலிருந்து வரும் ஃபோட்டானும் இருப்பதைவிடச் சூடாகத் தெரியும். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஃபீனிக்ஸ் குழு தங்கம்-தங்கம் மோதலில் 2010-ல் வெளியிட்ட 221 MeV, அதாவது சுமார் 2.6 லட்சம் கோடி கெல்வின், அதைக்கூட ஒரு கணத்தின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் கொதித்தபோது வந்ததும், பிறகு ஆறி ஆனால் வேகமாக விரிந்தபோது வந்ததும் அதில் கூடிக் கிடக்கின்றன. ஆனாலும் ஃபோட்டானை விட்டுவிடாதே, வலுவிசை அதைத் தொடாததால் உள்ளிருந்து நேராக வெளியே வந்துவிடும், பையானும் புரோட்டானும் கடைசியில் பிரிந்தபோது இருந்த நிலையை மட்டும்தான் சொல்லும்.

இன்னொன்று, வெப்பநிலையிலேயே இரண்டு கட்டம் உண்டு. எந்தத் துகள் எத்தனை என்பது சுமார் 156 MeV-யில் முடிவாகிவிடுகிறது, துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது நிற்பது அதற்கும் கீழே, மையமான மோதல்களில் 100 MeV பக்கம். ப்ராஜெக்டில் இரண்டையும் கலந்துவிடாதே.

திருவொற்றியூர் அண்ணா:
அக்கா சொன்னது முக்கியம். தனித்தனியாகச் சரிவு எடுப்பதை விட்டுவிட்டு மூன்று துகளையும் சேர்த்து ஒரே பிளாஸ்ட் வேவ் ஃபிட் (வெப்பநிலையும் விரியும் வேகமும் சேர்ந்த மாதிரியை டேட்டாவோடு பொருத்துவது) போடு, T-யும் வேகமும் பிரிந்து வரும். பையானில் குறுக்கு உந்தம் 0.5 GeV-க்குக் (500 MeV) கீழே எடுக்காதே, அங்கே குறுகிய ஆயுள் துகள்கள் சிதைந்து வந்த பையான்கள் நிறைய, ஃபிட்டைக் கெடுத்துவிடும். எந்த எல்லைக்குள் ஃபிட் செய்தாய் என்பதை அட்டவணையிலேயே எழுதிவிடு, எல்லையை மாற்றினால் எண்ணும் மாறும்.