கெல்ப் தம்பதியரின் ஆய்வுத்தாள்களை எப்படி வாசிப்பது?

கேள்வி: நாடகாசிரியர் யூஜீன் ஓநீலின் வாழ்க்கை வரலாற்றைச் சேர்ந்து எழுதி 1962-இல் வெளியிட்ட ஆர்தர் கெல்ப், பார்பரா கெல்ப் தம்பதியரைப் போன்றோரின் நேர்காணல் குறிப்புகளிலும் வரைவுகளிலும் எது யாருடைய பங்கு என்று பிரித்தறிய இயலுமா?

பதில் 1: கையெழுத்து ஓரளவே உதவும், ஒருவர் பேட்டி எடுக்க, மற்றவர் தட்டச்சு செய்திருக்கலாம். தேதிகளையும், கோப்புகள் முதலில் அடுக்கப்பட்டிருந்த வரிசையையும் பாருங்கள். என் கருத்தில், யார் எழுதியது என்பதைவிட அந்த நேர்காணல்களே பெரிது. 1953-இல் ஓநீல் மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்கள் பணியைத் தொடங்கியதால், அவருடைய மூன்றாம் மனைவி கார்லோட்டா மான்டெரே உட்பட அவரை நேரில் அறிந்த பலரிடம் பேச முடிந்தது. அந்த வாய்ப்பு இனி எவருக்கும் கிடைக்காது.

பதில் 2: அவர்கள் அந்த நூலோடு நின்றுவிடவும் இல்லை. 2000-இல் ஓநீலின் முற்பகுதி வாழ்க்கையைப் புதிதாக எழுதினார்கள். ஆர்தர் 2014-இல் காலமான பிறகு, 2016-இல் மற்றொரு நூல் வந்தது. எனவே பழைய குறிப்பொன்றைப் படிக்கும்போது மூன்று நூல்களிலும் அது எவ்வாறு மாறியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கார்லோட்டாவின் நாட்குறிப்புகள் யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கே நூலகத்தில் உள்ளன. அவர் பேட்டியில் சொன்னதை அவற்றோடு சரிபார்ப்பது மிகவும் அவசியம்.